மழை எப்படிப் பெய்தது? வானிலையைக் காதால் சொல்லித் தரும் வழி

மழலையர் வகுப்புகள் பலவற்றில் சுவரில் ஒரு வானிலை அட்டை தொங்கும். சிரிக்கிற சூரியன், குடை, மேகம், அப்புறம் எதற்கென்றே தெரியாமல் ஒரு பனிமனிதன். காலையில் டீச்சர் நடுவில் இருக்கும் முள்ளைத் திருப்பிக்கொண்டே "இன்னைக்கு வானிலை என்ன?" என்று கேட்பார். பிள்ளைகள் "வெயில்!" என்று கத்துவார்கள். நம் ஊரில் வருடத்தில் பாதிக்கு மேல் அதுதான் பதில். பனிமனிதன் பக்கம் அந்த முள் ஒருநாளும் போவதில்லை.

அட்டை இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அது பிள்ளைக்குத் தருவது ஒரு பெயரை மட்டும்தான்: மழை, வெயில், மேகம். "மழை முதல்ல பொட்டு பொட்டுன்னு விழுந்துச்சு, அப்புறம் சோன்னு ஊத்துச்சு, சட்டுனு நின்னுபோச்சு" என்று ஒரு நான்கு வயதுப் பிள்ளை சொன்னால், அதில் தொடக்கம், வளர்ச்சி, முடிவு எல்லாம் வந்துவிடுகிறது. அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது காது. மூன்றிலிருந்து ஆறு வயதுவரை உள்ள பிள்ளைகளோடு அங்கன்வாடியிலோ விளையாட்டுப் பள்ளியிலோ வீட்டிலோ இதைச் செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். பாட்டு தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. வரிசை மட்டும் முக்கியம்: காது, வாய், கை, பொருள், அதன் பிறகு பாட்டு. நிறையப் பேர் நேராகப் பாட்டில் ஆரம்பித்துவிடுகிறார்கள். பிள்ளைகள் ஒப்பிப்பார்கள், கேட்டிருக்க மாட்டார்கள்.

முதலில் காது

முதல் சில நாட்கள் எதையும் தட்ட வேண்டாம். பிள்ளைகளைத் திண்ணையிலோ ஜன்னல் ஓரத்திலோ உட்கார வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள். அரை நிமிடம் போதும். ஒரு நிமிடத்தைத் தாண்டினால் ஒருவரையொருவர் கிள்ள ஆரம்பித்துவிடுவார்கள். கண் திறந்ததும், "என்ன கேட்டுச்சு?" ஆட்டோ, குக்கர் விசில், நாய், யாரோ இருமியது எல்லாம் வரும். வரட்டும். அதையெல்லாம் கேட்டு முடித்த பிறகு, "காத்து கேட்டுச்சா?" என்று போடுங்கள். இப்போது மறுபடி கண்ணை மூடுவார்கள், நீங்கள் சொல்லாமலேயே.

காற்று எதிலாவது பட்டால்தான் நமக்குக் கேட்கும். எதில் படுகிறது என்று கண்டுபிடிப்பதே நல்ல விளையாட்டு. கொடியில் காயும் துணி ஒரு மாதிரி, தாழ்ப்பாள் போடாத கதவு ஒரு மாதிரி. மரங்களில் இது இன்னும் நன்றாகத் தெரியும். அரச இலைக்குக் காம்பு நீளம், அதனால் நம் மேல் படுவதே தெரியாத காற்றுக்கும் அது சலசலக்கும். பனையோலை லேசில் அசையாது. அது படபடவென்று அடித்துக்கொண்டால் காற்று பலமாக இருக்கிறது என்று அர்த்தம். பள்ளிக்கு அருகில் இரண்டு வகை மரம் இருந்தால், "இன்னைக்கு எந்த மரம் பேசுது?" என்பதையே தினசரிக் கேள்வியாக வைத்துக்கொள்ளலாம். காற்றின் வேகத்தைக் கருவி இல்லாமல் அளக்கிறார்கள், அவர்களுக்கே தெரியாமல்.

மழையைக் கேட்க மழைக்காலம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஒரு பூவாளி போதும். அது இல்லையென்றால் தண்ணீர் பாட்டிலின் மூடியில் ஊசியைச் சுட்டு ஏழெட்டு ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். வாழையிலை, தகரத் தட்டு, விரித்த குடை, கவிழ்த்த பிளாஸ்டிக் வாளி, வெறும் மண் என்று தரையில் வரிசையாக வையுங்கள். நடுவில் ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டி, திரைக்குப் பின்னால் நின்று ஒவ்வொன்றின் மேலும் தண்ணீர் ஊற்றுங்கள். இந்தப் பக்கம் இருப்பவர்கள் சத்தத்தை வைத்தே எதில் பெய்கிறது என்று சொல்ல வேண்டும். தகரத்தை எல்லோரும் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். வாழையிலைக்கும் குடைக்கும் சண்டை வரும். மண்ணில் பெய்தால் "ஒண்ணும் கேக்கலையே" என்பார்கள். அப்போது திரையை விலக்கிக் காட்டுங்கள்: தண்ணீர் விழுந்திருக்கிறது, மண் குடித்துவிட்டது. அடுத்த சுற்றில் பூவாளியை இன்னும் உயரத்தில் தூக்கிப் பிடித்தால் சத்தம் மாறும். ஏன் என்று விளக்க வேண்டாம், அவர்களே தூக்கிப் பார்க்கட்டும். என் கணக்கில் இந்த ஒரு விளையாட்டு பத்து வானிலை அட்டைகளுக்குச் சமம். உடை நனையும் என்பதால் மாற்றுத்துணி கொண்டுவரச் சொல்லி முன்கூட்டியே வீட்டுக்குத் தகவல் அனுப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எந்த மாதத்தில் எதைக் கேட்பது என்பது ஊரைப் பொறுத்தது. சென்னையிலும் டெல்டாவிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இடி, கனமழைப் பாடங்களை அப்போது வைத்துக்கொள்ளலாம். தென்காசி, குற்றாலம் பக்கம் ஜூன், ஜூலையிலேயே சாரல் வந்துவிடும். பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே இருக்கும் பொள்ளாச்சி, உடுமலைப் பிள்ளைகளுக்கும், காற்றாலைகள் நிறைந்த ஆரல்வாய்மொழிப் பிள்ளைகளுக்கும் ஆடிக் காற்றை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மார்கழியில் காலைப் பனி, பங்குனிக்கு மேல் வெயில். வேறு ஊரில் தயாரித்த பாடத்திட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டால், மழையே இல்லாத மாதத்தில் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

பிறகு வாய்

கேட்ட சத்தத்தை வாயால் செய்து காட்டச் சொல்லுங்கள். இங்கே தமிழ் நமக்குப் பாதி வேலையைச் செய்து வைத்திருக்கிறது. தூறல் பொட்டுப் பொட்டு. பெருந்துளி சடசட. கனமழை சோ. கூரை முனையில் சொட்டுச் சொட்டு. தெருவில் ஓடும் தண்ணீர் சளசள. இலை சலசல, இடி கடகட. இவற்றைப் பட்டியலாகச் சொல்லிக் கொடுக்காதீர்கள். முதலில் பிள்ளை சொல்வதைக் கேளுங்கள். "டிப்பு டிப்பு" என்றோ "ப்ஷ்ஷ்" என்றோ சொன்னால் அதுவும் சரி. அதைத் திருப்பிச் சொல்லுங்கள், எல்லோரையும் சொல்ல வையுங்கள். அதன் பிறகு, "எங்க பாட்டி இதைச் சடசடன்னு சொல்லுவாங்க" என்று மெதுவாகப் பக்கத்தில் வையுங்கள். இரண்டில் எது அந்த மழைக்குப் பொருந்துகிறது என்று பிள்ளைகளே பேசிக்கொள்வார்கள்.

கேள்வியையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். "என்ன பெய்யுது?" என்றால் "மழை" என்று ஒரு சொல்லில் முடிந்துவிடும். "எப்படிப் பெய்யுது?" என்று கேளுங்கள். "நேத்து மாதிரியா, வேற மாதிரியா?" என்று கேளுங்கள். வீட்டிலும் கேட்டு வரச் சொல்லலாம். மப்பும் மந்தாரமுமாக இருக்கிறது, ஊதக்காத்து அடிக்கிறது, புழுங்குகிறது என்று தாத்தா பாட்டிகளிடம் உள்ள சொற்கள் பாடப்புத்தகத்தில் கிடைக்காது. பேச்சுவழக்கில் சொல்லும் பிள்ளையைத் திருத்தி எழுத்துவழக்கில் சொல்ல வைக்க வேண்டாம், அதற்கு இன்னும் காலம் இருக்கிறது.

வாய் பழகியபின் வேகத்தைக் கொண்டுவரலாம். மிருதங்கம் கற்கிறவர்கள் வாயால் சொல்லும் சொற்கட்டு இதற்கு அருமையாக ஒத்துவரும். தொடையில் ஒரே சீராகத் தட்டிக்கொண்டு, ஒரு தட்டுக்கு ஓர் எழுத்து: த... க... தி... மி... இது தூறல். ஒரு தட்டுக்கு இரண்டு: தக, திமி. மழை வலுக்கிறது. ஒரு தட்டுக்கு நான்கும்: தகதிமி, தகதிமி. கொட்டுகிறது. இசை வகுப்பில் இதை முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்பார்கள். பிள்ளைகளிடம் தூறல், மழை, அடைமழை என்று சொன்னால் போதும். தட்டு மாறக் கூடாது, சொல் மட்டும்தான் வேகமாக வேண்டும். இது பெரியவர்களுக்கே தடுமாறும். ஐந்து வயதுப் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். மூன்று வயதுக்காரர்கள் தட்டையும் சேர்த்து வேகமாக்கிவிடுவார்கள், அது பரவாயில்லை.

கையால் ஒரு மழை

வட்டமாக உட்காருங்கள். நீங்கள் செய்வதைப் பக்கத்தில் இருக்கும் பிள்ளை பார்த்துச் செய்ய, அது ஒவ்வொருவராகச் சுற்றிப் போக வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் மாறக் கூடாது. அப்படிச் சுற்றிப் போனால்தான் மழை தெருமுனையிலிருந்து நம் வீட்டுக்கு வருகிற மாதிரி இருக்கும்.

1. இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்தல். காற்று வருகிறது.
2. ஒரு விரலால் இன்னொரு உள்ளங்கையில் தட்டுதல். முதல் துளிகள். பெரிய பிள்ளைகள் என்றால் சொடுக்குப் போடலாம்.
3. இரண்டு விரல், பிறகு நான்கு விரல்.
4. தொடையில் இரண்டு கையாலும் தட்டுதல். மழை.
5. தொடையில் தட்டிக்கொண்டே காலால் தரையை மிதித்தல். இடியும் மழையும்.
6. அப்படியே ஒவ்வொன்றாகப் பின்னோக்கி வந்து, உள்ளங்கை தேய்த்தலில் முடித்து, கையை மடியில் வைத்தல்.

ஆறாவதைத் தவறவிடாதீர்கள். உச்சத்தில் நிறுத்திவிட்டால் அடுத்த அரை மணி நேரம் வகுப்பை அடக்க முடியாது. மழை விடுவதையும் சேர்த்துச் செய்தால் அவர்களும் கூடவே அடங்குவார்கள்.

இது பழகிய பிறகு ஒரு பிள்ளையை மழை ராஜாவாகவோ ராணியாகவோ நடுவில் நிற்க வையுங்கள். கை மேலே போனால் பலமாக, கீழே வந்தால் மெதுவாக, கையை மூடினால் நிறுத்த வேண்டும். வாய் திறக்காத பிள்ளைக்கு இந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள். அதிகச் சத்தம் ஆகாத பிள்ளைகளுக்கும் இதுவே பொருத்தம். சத்தத்தின் சாவி தங்கள் கையில் இருக்கும்போது காதைப் பொத்துவது குறையும். காது கேட்பதில் சிரமம் உள்ள பிள்ளை இருந்தால், ஊதிய பலூனை இரு கைகளாலும் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பக்கத்தில் பறையோ தவிலோ எதுவானாலும் தட்டுங்கள். அதிர்வு கையில் தெரியும்.

பொருட்கள்

கடையில் வாங்க வேண்டியது எதுவும் இல்லை. முறத்தில் (தெற்கே சொளகு) ஒரு கைப்பிடி கேழ்வரகைப் போட்டு மெதுவாகச் சாய்த்தால் தூரத்து மழை. கொஞ்சம் பெரிதாகச் சாய்த்தால் கடல் அலை. பழைய எக்ஸ்ரே தாளின் ஓரத்தைப் பிடித்து உதறினால் நிஜமான இடி போலவே இருக்கும். பூவரச இலையைச் சுருட்டி நுனியை நசுக்கி ஊதினால் பீப்பீ. கொஞ்சம் பழகினால் அதிலேயே ஊளையிடும் காற்றைக் கொண்டுவரலாம். இரண்டு கொட்டாங்குச்சிகளைத் தட்டினால் ஓட்டுக்கூரையில் ஆலங்கட்டி விழும் சத்தம்.

மழைக்குழாய் செய்ய, துணி சுற்றி வரும் நீள அட்டைக் குழாயை ஜவுளிக் கடையில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். அலுமினியத் தாளைக் கயிறு மாதிரி முறுக்கி, ஸ்பிரிங் போலச் சுருட்டி, குழாயின் முழு நீளத்துக்கும் உள்ளே விடுங்கள். ஒரு பக்கத்தை அட்டை வைத்துத் தடித்த டேப்பால் ஒட்டிவிட்டு, அரிசியும் கொஞ்சம் மொச்சையும் போட்டு மறுபக்கத்தையும் மூடுங்கள். சாய்த்தால் தானியம் சுருள் சுருளாகத் தட்டிக்கொண்டு இறங்கும். அரிசி மட்டும் போட்டால் சாரல், மொச்சை சேர்ந்தால் பெருமழை. சிலி நாட்டில் இதையே காய்ந்த கள்ளியில் முட்களை உள்ளே செருகிச் செய்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. பருப்பு, மொச்சை, மணி எதுவும் சின்னப் பிள்ளைகள் கைக்குத் தனியாகப் போகக் கூடாது. வாயிலும் போடுவார்கள், மூக்கிலும் போட்டுக்கொள்வார்கள். டப்பாக்களின் மூடியைப் பசை போட்டு ஒட்டி, மேலே டேப்பும் சுற்றுங்கள். மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் நீங்களே ஆட்டிக் காட்டுவது நல்லது. எக்ஸ்ரே தாளின் மூலைகளை வட்டமாக வெட்டிவிடுங்கள், கூராக இருக்கும்.

சத்தம் போடாத வெயில்

மழையும் இடியும் சுலபம். புதிதாக ஆரம்பிப்பவர்கள் மாட்டிக்கொள்வது வெயிலில். நம் ஊரில் அதை விட்டுவிட்டு வானிலை பேசவும் முடியாது.

இரண்டு வழி உண்டு. ஒன்று, வெயில் நேரத்தில் மட்டும் கேட்கும் சத்தங்களைத் தேடுவது. மத்தியானம் இரண்டு மணிக்குத் தெருவில் என்ன கேட்கிறது? ஃபேன் சுற்றுவது, தூரத்தில் ஐஸ் வண்டியின் மணி, சூட்டில் விரியும் தகரக் கூரையின் 'டக்' ஒலி, அதைத் தவிர ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததையே கேட்க வையுங்கள். காலை எட்டு மணித் தெருவையும் இரண்டு மணித் தெருவையும் செல்போனில் அரை நிமிடம் பதிவு செய்து போட்டுக் காட்டினால், எது எப்போது என்று சரியாகச் சொல்லிவிடுவார்கள். சுடுதரையில் தண்ணீர் தெளிக்கும்போது காதைக் குனிந்து வைக்கச் சொல்லலாம். மாலையில் சில்வண்டு. அது சூடான இரவில் வேகமாகவும் குளிர்ந்த இரவில் மெதுவாகவும் கத்தும். அம்மா அப்பாவோடு கேட்டு வரச் சொன்னால் வீட்டுப்பாடம் முடிந்தது.

இன்னொன்று, உடம்பு உணர்வதைச் சத்தமாக்குவது. வெயில் சுள். வியர்வை கசகச. குளிர் வெடவெட. மின்னல் பளிச். இவற்றில் எதுவும் காதில் கேட்பதில்லை, ஆனாலும் எல்லாப் பிள்ளைக்கும் உடனே புரியும். "சுள்ளுனு அடிக்கிற வெயிலுக்கு எந்த டப்பா?" என்று கேட்டுவிட்டு எடுக்க விடுங்கள். ஒரு பிள்ளை ஸ்டீல் டம்ளரை ஸ்பூனால் ஒரே தட்டாகத் தட்டும். இன்னொன்று எதையும் எடுக்காமல் நீளமாக மூச்சு விடும். மூடிய மேகத்துக்கு உதட்டை மூடி 'ம்ம்ம்' என்று ஆழமாக ஒலிப்பதைப் பெரும்பாலும் அவர்களே கண்டுபிடிப்பார்கள். எதுவும் தப்பில்லை. "ஏன் அதை எடுத்தே?" என்று மட்டும் கேட்டு, பதில் சொல்ல நேரம் கொடுங்கள். மொழி அந்தப் பதிலில்தான் வளர்கிறது.

ராகம் கேட்க வைக்க விரும்புகிறவர்கள் இந்த இடத்தில் செய்யலாம். அமிர்தவர்ஷினி மழை ராகம் என்று பெயர் பெற்றது. வறண்டு கிடந்த எட்டயபுரம் பகுதியில் முத்துசுவாமி தீட்சிதர் அதைப் பாட, மழை கொட்டியது என்று கர்நாடக இசை உலகில் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். பிள்ளைகளுக்குப் பிடித்த கதை. ஆனால் கதையை முதலில் சொல்லிவிடாதீர்கள். புல்லாங்குழலிலோ வீணையிலோ அந்த ராகத்தை இரண்டு நிமிடம் போட்டு, "இது எந்த மாதிரி நாள்?" என்று கேளுங்கள். "சாயங்காலம்" என்று ஒரு பிள்ளை சொன்னால் சாயங்காலம்தான்.

சத்தத்தை வரைவது

ஒரு நீளக் காகிதத்தை இடமிருந்து வலமாக ஒட்டுங்கள். துளிக்குப் புள்ளி, காற்றுக்கு வளைந்த கோடு, இடிக்குப் பெரிய கறுப்புத் திட்டு, ஒன்றுமில்லாததற்கு வெற்றிடம். நீங்கள் விரலை மெதுவாக நகர்த்த, பிள்ளைகள் விரல் போகும் இடத்துக்கு ஏற்பச் சத்தம் போட வேண்டும். புள்ளிகள் நெருங்க நெருங்க வேகம் கூடும், பெரிதானால் பலம் கூடும். அப்புறம் நேற்று பெய்த மழையை அவர்களையே வரையச் சொல்லுங்கள். வரைந்ததை அவர்களே "வாசித்து"க் காட்டும்போது, இடமிருந்து வலமாகக் குறிகளைப் படிப்பது கைக்கு வந்துவிடுகிறது. எழுத்துக்கு வருமுன் இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

பாட்டு

இவ்வளவும் ஆன பிறகு பாட்டு தானாக வரும். ப, க என்ற இரண்டே ஸ்வரங்கள் போதும். பிள்ளைகள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக் கேலி செய்யும் மெட்டு பெரும்பாலும் அதுதான். வரி இப்படி இருக்கலாம்:

மேகம் வந்தது கருகரு
காற்று வந்தது சலசல
தூறல் விழுந்தது பொட்டுப் பொட்டு
ஓடி வந்தோம் குடுகுடு

ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் காலியாக விட்டுப் பாடி, பிள்ளைகளை நிரப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு நாளும் அன்றைய வானிலைக்கு ஏற்ப அந்தச் சொல் மாறும். மூன்று வரிக்கு மேல் போக வேண்டும் என்று கட்டாயமில்லை.

இடியும் பயமும்

நிஜ இடி இடிக்கும் நாளில் எல்லோரும் அறைக்குள் இருக்க வேண்டும், ஜன்னலைச் சாத்திவிட வேண்டும். மின்னல் தெரிந்ததும் தொடையில் ஒரே சீராகத் தட்டி எண்ண ஆரம்பியுங்கள், நொடிக்கு ஒரு தட்டு. ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும், ஆக மூன்று தட்டுக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது ஆபத்தான தூரம். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே விடக் கூடாது. பிள்ளைகளிடம் கிலோமீட்டர் கணக்குச் சொல்ல வேண்டாம். "இப்ப ஆறு, முன்னாடி நாலு. தள்ளிப் போகுது" என்பது போதும். எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளை அவ்வளவாக அழாது.

புயலை விளையாட்டாக்குவதில் மட்டும் நிதானம் வேண்டும். 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் சமயத்தில் சென்னை மூழ்கியபோதும் வீடிழந்த குடும்பங்கள் உண்டு. அந்தக் காற்றின் சத்தத்தை வீட்டுப் பெரியவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஒரு பிள்ளை காற்றுச் சத்தத்துக்கு உறைந்துபோனால், உடனே கையைத் தேய்க்கும் படிக்கு இறங்கிவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அது பேச விரும்பினால் கேளுங்கள், விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள்.

எவ்வளவு நேரம், எவ்வளவு நாள்

ஒரு தடவைக்குப் பத்து, பதினைந்து நிமிடம். வாரம் முழுக்கச் செய்ய வேண்டாம், இரண்டு மூன்று நாள் போதும். மழை வந்தால் கணக்குப் பார்க்காமல் மற்றதை நிறுத்திவிட்டுக் கேட்கப் போங்கள்.

டப்பாக்களில் அரிசியும் பருப்பும் போட்டிருந்தால் ஐப்பசி ஈரத்தில் வண்டு பிடிக்கும், எறும்பும் வரும். வருடம் முழுவதும் வைத்திருக்க வேண்டிய டப்பாக்களுக்குப் புளியங்கொட்டையும் கழுவிக் காயவைத்த ஆற்று மணலும் போடுங்கள். மழைக்குழாயை மட்டும் உயரமான அலமாரியில் வையுங்கள். எல்லோருக்கும் அதுதான் வேண்டும்.